லாட்டரி அக்கா பார்த்த நாடகம்

பார்க்காத ஒரு நாடகத்துக்காக இத்தனை பாடுபட்ட மனுஷியை, நியூயார்க், நியூஜெர்சி இரண்டு மாநிலங்களையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் இன்னொருவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஜெர்சி சிட்டியில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவருக்கு லாட்டரி அக்கா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

லாட்டரி என்றதும் கடையில் சீட்டு வாங்கிச் சுரண்டும் ரகம் என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா திண்டுக்கல்காரர். ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் கான்ட்ராக்டில் டெஸ்டிங் வேலை. சீட்டாடும் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவர் காத்திருந்தது ஒரே ஒரு லாட்டரிக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மன்ஹாட்டனில், நூறு வயதைத் தாண்டிய பழைய தியேட்டர் ஒன்றில், பல வருடங்களாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது ஓர் இசை நாடகம். ஒவ்வொரு காட்சிக்கும் சில இருக்கைகளைக் குலுக்கல் முறையில் மலிவு விலைக்குக் கொடுப்பார்கள். காட்சிக்கு முதல் நாள் காலையில் போனில் பெயரைப் பதிய வேண்டும். மதியத்துக்கு மேல் முடிவு மெயிலில் வரும். விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் 'வருகிறேன்' என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அக்கா வாயால் கேட்க வேண்டும். அமெரிக்கா வந்த புதிதில் கணவர் அவரை ஊர் சுற்றிக்காட்ட அழைத்துப் போயிருக்கிறார். அந்த தியேட்டர் வாசலைக் கடக்கும்போது காட்சி முடிந்து ஜனங்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

"தம்பி, ஒவ்வொருத்தனும் ஆறடி ஒசரம். கோட்டு, டை. பாத்தா நம்ம ஊரு டி.எஸ்.பி. மாதிரி இருக்கான். அத்தனை பேரும் கண்ணைத் தொடச்சிக்கிட்டு வர்றாங்க. ஒருத்தன் கர்ச்சீப்பு பத்தாம பொண்டாட்டி ஸ்கார்ஃப்ல மூக்கைச் சிந்தறான். உள்ள அப்படி என்னதான் பண்ணியிருப்பாங்க?"

அந்தக் கேள்வி அக்காவின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை.

"டிக்கெட் வாங்கிப் போய்ப் பாத்திருக்கலாமே அக்கா?" என்று, குடிவந்த புதிதில் அப்பாவியாகக் கேட்டேன்.

வாங்காமலா இருந்தார்? முதல் தடவை டிக்கெட் வாங்கிப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, கணவருக்குக் குடல்வால் வெடித்தது. இரண்டாம் தடவை வாங்கினார். ஊரே பார்த்திராத பனிப்புயல் வந்து ரயில், பஸ், படகு அத்தனையும் நின்றது. மூன்றாம் தடவை வாங்கிய அன்று காலையில் கணவரின் கான்ட்ராக்டை முடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அக்கா திண்டுக்கல் ஜோசியருக்கு வீடியோ கால் போட்டார். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "டிராமா ராத்திரி பூரா நடக்குமா, பாதியிலயே விட்டுருவானா?" என்று விசாரித்திருக்கிறார். பிறகு தீர்ப்பு சொன்னார்: "நீங்களா தேடிப் போகாதீங்க. அதுவா கூப்பிட்டாப் போங்க."

நாடகம் தானாகக் கூப்பிட ஒரே வழி லாட்டரிதான் என்று அக்கா முடிவு கட்டினார். "அதுக்கும் கொஞ்சம் காசு கட்டணுமே?" என்று குறுக்குக் கேள்வி கேட்டதற்கு, "அது டிக்கெட் விலை இல்ல தம்பி. காணிக்கை" என்றார்.

"சரி, யூட்யூப்ல துண்டு துண்டாவது பாத்திருக்கலாமே?"

"கல்யாணத்தை வீடியோவில பாக்கறதும் நேர்ல பாக்கறதும் ஒண்ணா? வீடியோவில சாப்பாடு போடுவாங்களா?"

யூட்யூப் பேச்சை அன்றோடு விட்டுவிட்டேன்.

ஒருவர் மட்டும் பதிந்தால் விழுமா? எனவே கட்டடத்தில் இருந்த அத்தனை தமிழர்களையும் அக்கா லாட்டரியில் சேர்த்துவிட்டார். கீழ்த்தளத்துக் கீழக்கரை பாய், மூன்றாம் மாடி டாக்டரம்மா, நேற்று இறங்கிய கல்யாணமாகாத பையன்கள், யாரும் தப்பவில்லை. "உங்க போனைக் குடுங்க ஒரு நிமிஷம்" என்பார். கொடுத்துவிட்டுத் திரும்பி வாங்கும்போது நீங்கள் பதிவாகியிருப்பீர்கள். அன்றிலிருந்து தினமும், 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் ஒரு மெயில் உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். விசா முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பையன், பஸ் ஸ்டாப்பில் அந்த முதல் வார்த்தையைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஊருக்கு போன் போட்டு, "அம்மா, நான் வந்துடறேன்" என்று சொல்லியும் விட்டான். அதற்குப் பிறகுதான் இரண்டாவது வரியில் நாடகத்தின் பெயரைப் படித்தான்.

அக்காவுக்குக் கைராசியில் அபார நம்பிக்கை. வேலைக்கான ஹெச்-ஒன் விசாவும் குலுக்கலில்தானே வருகிறது? முதல் தடவையிலேயே பெயர் விழுந்தவர் யாராவது கட்டடத்துக்குக் குடிவந்தால், சாமான் இறங்குவதற்குள் அக்கா டபரா செட்டில் காபியோடு போய் நிற்பார். "காபி சாப்பிடுங்க. அப்படியே இந்தப் பட்டனை ஒரு அழுத்து அழுத்திடுங்க." கர்ப்பிணிகள், தலைச்சன் பிள்ளைகள், கிரீன் கார்டு கைக்கு வந்து ஒரு வாரம் ஆகாதவர்கள் எல்லோரும் அழுத்தியிருக்கிறார்கள்.

என்னை மட்டும் கேட்கவே மாட்டார். விசாக் குலுக்கலில் இரண்டு தடவை தோற்று, மூன்றாவதில் தொற்றிக்கொண்டு வந்தவன் நான். ஒருநாள் லிஃப்ட்டில் அவர் கையில் இருந்த போனை நான் வாங்கப் போனபோது, சூடு பட்டதுபோல இழுத்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் தொட்டுடாதீங்க தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க."

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. என் ராசியைப் பற்றி எனக்கும் அதே அபிப்பிராயம்தான்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு வேடிக்கைக் கதையாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு குளிர்காலத்தில், அந்த நாடகத்தை இன்னும் சில வாரங்களில் நிறுத்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அன்று வேலையிலிருந்து திரும்பியபோது, கட்டடத்தின் வரவேற்பறை சோபாவில் அக்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா தம்பி, மூடறாங்களாம்."

"ஆமாக்கா, படிச்சேன்."

"ஓடிக்கிட்டே இருக்கும்னு நெனச்சுட்டேன். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கின்னு. கோயில் மாதிரி. கோயிலை யாராச்சும் மூடுவாங்களா?"

அக்கா சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எப்படியாவது டிக்கெட் வாங்கித் தருகிறோம் என்றோம். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். "வாங்கிக் குடுத்து உங்க வீட்ல யாராச்சும் படுத்துட்டாங்கன்னா? அந்தப் பாவம் வேற எனக்கு எதுக்கு?" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"உங்க போனைக் குடுங்க தம்பி. இனிமே ராசி பாக்கிற நெலமையில நான் இல்ல."

அப்போது எனக்கு நியூஜெர்சிக்குள்ளேயே பார்சிப்பனி என்ற ஊரில் அலுவலகம். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தூக்கம் வரவழைக்கும் மீட்டிங் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். 'வாழ்த்துகள்' என்று ஒரு மெயில் வந்தது. வாழ்த்துகள் என்று தொடங்கிய எந்த மெயிலும் எனக்கு நல்லது செய்ததில்லை. அனிச்சையாக அழித்துவிட்டேன். அழித்த பிறகுதான் அதை அனுப்பியது யார் என்பது மூளைக்குள் இறங்கியது. மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து வெளியே ஓடினேன். குப்பைத்தொட்டியிலிருந்து மெயிலை மீட்டு உறுதி செய்தேன். புதன்கிழமை பகல் காட்சி. இரண்டு இருக்கை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, விழுந்துடுச்சு!"

"ஐயையோ! யாரு? உங்க வீட்டுக்காரம்மாவா? மாடிப்படியிலயா?"

"இல்லக்கா, டிக்கெட்டு! டிக்கெட்டு விழுந்துடுச்சு!"

மறுமுனையில் ஏதோ கீழே விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. அது அக்காவின் டிபன் கேரியர் என்று பிறகு தெரிந்தது.

பெயர் விழுந்தவர் அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டும் என்பது விதி. எனவே நானும் அக்காவும் போவது என்று முடிவானது. அவர் கணவருக்கு இதில் வருத்தமே இல்லை. விளக்கை அணைத்தாலே தூங்கிவிடும் சுபாவம் அவருக்கு. ஆனால் அன்றைக்கு அவருக்கு விதிக்கப்பட்ட ஊரடங்கு இருக்கிறதே! கார் ஓட்டக் கூடாது. அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. குளிக்கக் கூடாது, வழுக்கிவிடும். கத்தரிக்கோல்கூட எடுக்கக் கூடாது. சோபாவை விட்டு எழுந்திருக்காமல் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள என் மனைவி காவலுக்கு உட்கார்த்தி வைக்கப்பட்டாள்.

"சார் பாத்ரூம் போகணும்கறார் அக்கா, விடலாமா?" என்று, நாங்கள் ரயில் நிலையத்தில் நிற்கும்போதே அவள் போன் போட்டுக் கேட்டாள்.

"கூடவே வாசல் வரைக்கும் போம்மா."

அரக்குப் பட்டுப்புடவை, அதற்கு மேல் முழங்கால் வரை தொங்கும் குளிர்கோட்டு, காலில் பனிக்கு ஏற்ற பூட்ஸ், கையில் ஒரு பெரிய பை. இந்தக் கோலத்தில் அக்கா ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் ரயில் ஏறினார். ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கத்தில் ரயில் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது.

"பாத்தீங்களா தம்பி! ஆத்துக்கு அடியில வச்சுப் புடிச்சிருச்சு!"

"எது அக்கா?"

"தோஷம்!"

எதிரே உட்கார்ந்திருந்த கட்டடத் தொழிலாளி ஒருவர், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார். அக்கா என்னை முந்திக்கொண்டு, குடல்வாலில் தொடங்கி என் மெயில் வரைக்கும் தன்னுடைய ஆங்கிலத்தில் முழுக் கதையையும் சொன்னார். பெட்டி மொத்தமும் கேட்டது. அந்த மனிதர் தன் தாயோடு சின்ன வயதில் அந்த நாடகத்தைப் பார்த்ததாகச் சொன்னார். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, சொல்ல வாயெடுத்தவர், தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பாத்தீங்களா? இதைத்தான் சொன்னேன்" என்று அக்கா என் காதில் கிசுகிசுத்தார்.

ரயில் நகர்ந்தபோது பெட்டியே கைதட்டியது.

எனக்கு நாடகத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. துணைக்குப் போகிறோம் என்ற நினைப்பில்தான் போனேன். ஆனால் அந்த அரங்குக்குள் காலை வைத்ததும் என் நடை தானாக மெதுவானது. வெளியே தெருவின் ஹாரன் இரைச்சல். உள்ளே ஒரு பெரிய சங்குக்குள் நுழைந்ததுபோல அமைதி. தலைக்கு மேலே குவிந்த கூரை முழுக்க மங்கிய தங்கத்தில் கொடிகளும் பழங்களும் முகங்களும். ஆயிரக்கணக்கான முழங்கைகள் பட்டு வழவழப்பான மரக் கைப்பிடிகள். எத்தனை தலைமுறை ஜனங்கள் இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கே சிலிர்த்தது. அக்கா நிலைப்படியில் நின்று, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பூட்ஸைக் கழற்றப் போனவரை, டார்ச் வைத்திருந்த வயதான பணிப்பெண், அதற்கு அவசியமில்லை என்று அன்பாகத் தடுத்தார்.

குலுக்கல் இருக்கை என்பதால் முதல் வரிசையின் ஓரம். மேடையின் ஒரு மூலை தெரியாது. அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. மேடைக்கு முன்னால் இருந்த பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி! குழிக்குள்ள ஆளுங்க உக்காந்து வயலின் வாசிக்கறாங்க! நான் பாட்டெல்லாம் ரெக்கார்டுன்னு நெனச்சேன்!"

"மெதுவாப் பேசுங்கக்கா."

"மெதுவாத்தான் பேசறேன். அந்தா, ஒருத்தர் என்னைப் பாத்துச் சிரிக்கறாரு பாருங்க."

குழிக்குள் இருந்து தாடிக்காரர் ஒருவர் வயலின் வில்லை உயர்த்தி அக்காவுக்கு வணக்கம் சொன்னார். விளக்கு அணைந்தது.

கதை ரொம்ப எளிமையானது. ஓர் ஆற்றங்கரைக் கிராமம். அங்கே ஓடம் விடும் ஒரு பெண். அக்கரைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவளிடம் ஏதாவது ஒரு கதையைப் பாடிக்கொண்டே போவார்கள். கல்யாணம், சண்டை, வியாபாரம் எல்லாம் அந்த ஓடத்திலேயே நடக்கும். முதல் பாதி முழுக்கச் சிரிப்பும் கும்மாளமும். இடைவேளை விட்டதும் அக்கா போனை எடுத்தார்.

"என்னங்க, இருக்கீங்களா? நெஞ்சு வலி ஏதாச்சும்? கை கால் எல்லாம் அசையுதா? சரி, அசைக்காதீங்க. வச்சுடறேன்."

இரண்டாம் பாதியில் வெள்ளம் வந்தது. எப்படி வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஏதோ நீலப் பட்டுத் துணிதான். நூறு முழமோ, இருநூறு முழமோ. இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்து ஆட்டியிருப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவுதான். ஆனால் அது எழுந்து எங்கள் தலைக்கு மேலே கவிந்தபோது, முதல் வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் காலை மேலே தூக்கிக்கொண்டோம். ஓடக்காரி ஊரையே ஒவ்வொருவராக அக்கரை சேர்க்கிறாள். கடைசியாக, ஒரு கிழவனுக்காகத் திரும்பிப் போகிறாள். அவன் அவளைத் தினமும் வைதுகொண்டே இருந்தவன். ஓடம் நடு ஆற்றில் நிற்கிறது. குழிக்குள் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி வயலினும் நின்றது. அந்தப் பெண் தனியாகப் பாடத் தொடங்கினாள்.

பெரிய குரல் இல்லை. தொட்டில் ஆட்டுகிறவள் பாடுவதுபோல, தனக்குத்தானே பாடினாள். அவ்வளவு பெரிய அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. மேல் மாடியில் யாரோ மூச்சு விடுவதுகூடக் கேட்டது. என் கன்னம் நனைந்திருப்பது பக்கத்தில் இருந்தவர் டிஷ்யூ நீட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அழுவதற்கென்றே பையில் டிஷ்யூ கொண்டு வந்தவர் அழவே இல்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, சின்னக் குழந்தை முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். நீல வெளிச்சம் அவர் முகத்தில் அலையடித்தது.

முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் போன பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு தெனமும் இப்படித்தான் பாடுவாளா தம்பி?"

"ஆமாக்கா. இன்னிக்கு ரெண்டு காட்சி. சாயங்காலம் மறுபடி பாடணும்."

"நான் ஒரே ஸ்க்ரீனை ரெண்டாவது தரம் டெஸ்ட் பண்ணச் சொன்னாலே கொட்டாவி விடறேன். இவ இன்னிக்குத்தான் முதல் தடவை வெள்ளம் வந்த மாதிரி பாடறாளே. எப்படி முடியுது?"

நான் ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அக்கா கேட்கவில்லை. நடிகர்கள் வெளியே வரும் பக்கவாட்டுக் கதவைக் கண்டுபிடித்துப் போய் நின்றார். அங்கே ஏற்கெனவே ஒரு கூட்டம், கையெழுத்து வாங்கக் காத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். சாயம் போன ஜாக்கெட், முதுகுப் பை, ஈரத் தலை. மேடையில் ஆற்றையே நிறுத்தியவள், இங்கே பார்த்தால் நம் பக்கத்து வீட்டில் மேல்படிப்பு படிக்கிற பெண் மாதிரி இருந்தாள். ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்து, அக்காவின் முன் நின்று, நாடகம் பிடித்திருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ரயில் பெட்டிக்கே ஆங்கிலத்தில் கதை சொன்ன அக்கா, அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு தமிழில் கேட்டார்.

"சாப்ட்டியாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மொழிபெயர்த்தேன். இன்னும் இல்லை, அடுத்த காட்சிக்குள் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றாள். இந்த வாசலில் இதை இதுவரை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றாள். அக்கா பெரிய பையைத் திறந்தார். ரயிலில் பசித்தால் சாப்பிட என்று கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் வெளியே வந்தன. காவலாளி குறுக்கே வந்தான். அந்தப் பெண் அவனைக் கையமர்த்திவிட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நடுத்தெருவில் நின்றுகொண்டே ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டாள். போட்டவள், அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சீக்கிரம் விடவில்லை. அதுவரை அழாத அக்கா அப்போதுதான் அழுதார்.

"அழாதீங்கக்கா."

"காரம் தூக்கலாப் போட்டுட்டேன் தம்பி. அவளுக்குத் தொண்டை கெட்டுடப் போவுது."

வீடு திரும்பியபோது அக்காவின் கணவர் பத்திரமாக இருந்தார். நகராமல் சோபாவிலேயே தூங்கியதில் கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டு, இடது பக்கமே திரும்ப முடியவில்லை. அக்கா தைலம் தேய்த்துக்கொண்டே, "இத்தோட போச்சே" என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

அந்த நாடகம் நின்றுவிட்டது. நாங்கள் பார்சிப்பனிக்கே குடிபோய்விட்டோம். அக்காவின் கணவருக்குப் பிளானோவில் வேலை கிடைத்து, அவர்கள் டெக்சாஸ் பக்கம் போய்விட்டார்கள். போன மாதம்கூட அக்கா போன் பண்ணினார். வெயிலைப் பற்றியும் காசு கட்டிப் போகும் டோல்வே சாலையில் கார் ஓட்டுகிற பயத்தைப் பற்றியும் பேசி முடித்துவிட்டு, வைக்கும் முன்னால் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு இப்ப எந்த டிராமாவுல நடிக்கிறாளோ தம்பி. நேரத்துக்குச் சாப்பிடறாளோ என்னமோ. யாரு கேக்கறாங்களோ."

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். யாரிடம் போய் விசாரிப்பது? ஆனால் என்னைப் பற்றியும் அக்கா அங்கே யாரிடமாவது இப்படிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். அதை நினைத்துக்கொண்டால், அன்றைக்கு அலுவலகத்தில் தனியாகச் சாப்பிட்டாலும் தனியாகச் சாப்பிடுவது மாதிரி இருக்காது.